கேக் வெட்டும் ஓலை: உடுமலை வட்டாரத் தோழியர் விருந்துக்கான கைவேலை அழைப்பிதழ்கள் குறித்த முதற்கட்ட ஆய்வு

அழைப்பிதழ் இரு வகைப்படும். எல்லாரையும் அழைப்பது ஒன்று. எல்லாருக்கும் தெரியாமல் அழைப்பது மற்றொன்று. முதல் வகையைக் கல்யாணப் பத்திரிகை என்பார்கள். அது சிவகாசியிலிருந்து வெற்று அட்டையாக வந்து, உடுமலைப்பேட்டை அச்சகத்தில் எழுத்தேறி, நான்கு மூலையிலும் மஞ்சள் தடவிக்கொண்டு, தாம்பாளத்தில் அமர்ந்து ஊர் சுற்றும். இரண்டாம் வகை, கல்யாணத்துக்குச் சில நாட்கள் இருக்கையில், இரவு பதினொரு மணிக்கு மேல், கதவைத் தாழிட்டுக்கொண்டு, சார்ட் பேப்பர், ஜிகினா, ஃபெவிகால் சகிதம் தரையில் உட்கார்ந்து செய்யப்படுவது. மணப்பெண்ணின் தோழிகள் மட்டும் கூடி, கேக் வெட்டி, ஆடிப் பாடி, போட்டோ எடுத்துக்கொள்ளும் விருந்துக்கான அழைப்பு அது. அந்த விருந்தைப் பெண்கள் ‘பிரைடு டு பீ’ என்கிறார்கள். ஆங்கிலப் படம் பார்த்தவர்கள் ‘பேச்சிலரெட் பார்ட்டி’ என்கிறார்கள். அம்மிச்சிகள், அதாவது தாய்வழிப் பாட்டிகள், ‘கேக்கு வெட்டறது’ என்கிறார்கள். இக்கட்டுரை அம்மிச்சிகள் பக்கம்; ஆகவே அந்த அழைப்பை இங்கே கேக் வெட்டும் ஓலை என்கிறது.

ஆய்வின் கருதுகோள் இது: கல்யாணப் பத்திரிகை, அழைக்கப்படுகிறவர்களை மனத்தில் வைத்து எழுதப்படுகிறது. கேக் வெட்டும் ஓலையோ, அழைக்கப்படாதவர்களை மனத்தில் வைத்து எழுதப்படுகிறது. அதன் அளவு, நிறம், வடிவம், வாசகம் எதற்குக் காரணம் தேடிப் போனாலும் கடைசியில் அங்கே ஒரு பெரியம்மா நிற்கிறார்.

ஆய்வு முறையியல் பற்றி ஒரு சொல். ஆய்வாளர் ஆண், அதிலும் சித்தப்பா முறை. ஆகவே நேர்காணல்கள் பெரும்பாலும் “சித்தப்பா, நீங்க போயி டீவி பாருங்க” என்ற ஒரே வாக்கியத்தில் நிறைவுற்றன. முன்னாய்வுகள் ஏதேனும் இருந்தால் அவற்றைச் செய்தவர்களும் இதே வாசற்படியில்தான் நிறுத்தப்பட்டிருப்பார்கள். நொய்யல் கரைக் கொடுமணலில் தொல்லியலாளர்கள் உடைந்த கல்லையும் துளையிட்டுப் பாழான மணியையும் வைத்தே அங்கே மணித்தொழில் நடந்ததை நிறுவினார்கள். அவ்வழியைப் பின்பற்றி இவ்வாய்வு, மறுநாள் காலைக் குப்பைத்தொட்டியை முதன்மைச் சான்றாகக் கொள்கிறது. வெட்டித் தள்ளிய காகித ஓரங்கள், எழுத்துப்பிழையால் கைவிடப்பட்ட அட்டைகள், மூடி தொலைந்த ஸ்கெட்ச் பேனா ஆகியவை இதில் அடங்கும்.

பத்திரிகையியல்

இரண்டாம் வகையை அறிய முதல் வகையை அறிதல் வேண்டும். கொங்குக் கல்யாணப் பத்திரிகை என்பது மணப்பெண்ணையும் மாப்பிள்ளையையும் சாக்காக வைத்து எடுக்கப்படும் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு. உச்சியில் பிள்ளையார் சுழி. அதன் கீழே குலதெய்வத்தின் துணை. அப்புறம் குலம், ஊர், தோட்டம். இவையெல்லாம் வந்து முடிந்த பிறகுதான் கல்யாணம் யாருக்கு என்ற தகவலுக்கு இடம் கிடைக்கும். பெயருக்குப் பின்னால் பி.இ., எம்.பி.ஏ., என்று படிப்பு காற்புள்ளியோடு நிற்கும்; காற்புள்ளியைப் பார்த்தால் இன்னும் ஏதோ படிக்கப் போகிறார் என்று தோன்றும். உள்ளே திறந்தால் பெரியப்பா, சித்தப்பா, தாய்மாமன், அத்தை, மாமா என்று அணிவகுப்பு. யார் பெயர் யாருக்கு மேலே வரவேண்டும் என்ற சண்டை கோர்ட்டுக்குப் போகாததற்கு ஒரே காரணம், வக்கீலின் பெயரும் அதே பட்டியலில் இருப்பதுதான். அடியில் மழலைகள்: “எங்க அத்தை கல்யாணத்துக்கு மறக்காம வந்துருங்க” என்று இன்னும் பேச்சு வராத மூன்று குழந்தைகள் அழைப்பு விடுத்திருப்பார்கள்.

இவ்வளவும் எதற்கு? ஒருவரும் விட்டுப்போகக் கூடாது என்பதற்கு. பெயர் விட்டுப்போனவர் கல்யாணத்துக்கு வராமல் இருக்க மாட்டார். வருவார், மொய் எழுதுவார், சாப்பிடாமல் போவார். சாப்பிடாமல் போன செய்தி அடுத்த விசேஷம் வரைக்கும் கெடாமல் இருக்கும்.

விநியோகமும் இதே கொள்கையில்தான். முதல் பத்திரிகை குலதெய்வத்தின் பாதத்தில். பிறகு ஒரம்பரை (உறவினர்) வீடுகள். வெற்றிலை பாக்கு, குங்குமம், தாம்பாளம். வாசலில் நின்றபடி கொடுத்துவிட்டு வண்டியைத் திருப்ப முடியாது. உட்கார வேண்டும், தண்ணீர் குடிக்க வேண்டும், அந்த வீட்டுத் தென்னையில் வெள்ளை ஈ விழுந்த கதையை முழுசாகக் கேட்க வேண்டும், “அப்பறஞ் சொல்லுங்க, என்ன சோலி?” என்று அவர்களே கேட்ட பிறகுதான் பத்திரிகையை எடுக்க வேண்டும். என்ன சோலி என்பது தாம்பாளத்தைப் பார்த்த கணமே அவர்களுக்குத் தெரியும். இருந்தும் கேட்பதுதான் முறை.

இத்தகைய ஊரில் பன்னிரண்டு பேரை மட்டும் அழைத்து, பதின்மூன்றாமவரை விடுவது என்பது அழைப்பிதழ்க் கலையில் கடைசிப் பரீட்சை.

தோற்றுவாய்

மேனாட்டில் மணமகனுக்கு நண்பர்கள் விருந்து வைப்பது பழைய வழக்கம். மணமகளுக்குத் தோழிகள் வைப்பது அமெரிக்காவில் 1960களுக்குப் பிறகு துளிர்த்து, 1980களில் வேர் பிடித்தது. அப்புறம் சினிமா, அப்புறம் இன்ஸ்டாகிராம், அப்புறம் பெங்களூரு, அப்புறம் கோவை, கடைசியில் உடுமலை. உடுமலை 2009இல் திருப்பூர் மாவட்டத்துக்குப் போய்விட்டாலும் நாகரிகத்தை இன்னமும் கோவையிலிருந்துதான் தருவித்துக்கொள்கிறது.

அற்றேல் அஃதாக. பெண்கள் மட்டும் கூடும் களியாட்டம் இவ்வட்டாரத்துக்குப் புதிதோ எனின், அன்று. பொங்கலை ஒட்டிவரும் பூப்பறிக்கிற நோம்பியைப் பார்க்க. பெண்டுபிள்ளைகள் கச்சாயமும் முறுக்கும் கரும்பும் கட்டிக்கொண்டு, ஒட்டுக்காகக் கிளம்பி, ஆற்றங்கரைக்கோ தோட்டங்காட்டுக்கோ போய், ஆவாரம்பூப் பறித்து, கும்மியடித்து, தின்று, விளையாடி, பொழுதோட வீடு திரும்பும் நாள் அது. இன்றைய விருந்துக்குரிய உறுப்புகள் யாவும் அதில் உண்டு: பெண்கள் மட்டும் என்ற வரம்பு, தின்பண்டம், பாட்டு, ஆட்டம், மலர் அலங்காரம், இருட்டுவதற்குள் திரும்பவேண்டும் என்ற கெடு. கேக் ஒன்றே இறக்குமதி.

அந்த நோம்பிக்கு அழைப்பிதழ் எப்படி இருந்தது? வேலிக்கு இந்தப் பக்கம் நின்று, “ஏ அம்மிணி, பூப்பறிக்க வாரயா?” என்று ஒரு சத்தம். அவ்வளவுதான். அந்தச் சத்தம் நான்கு தோட்டத்துக்குக் கேட்டது, ஒருவரும் ஆட்சேபிக்கவில்லை. ஏனெனில் அந்த நாளுக்கு ஊரின் அனுமதி முன்கூட்டியே உண்டு. நாட்காட்டியே அனுமதிக் கடிதம். கேக் வெட்டுவதற்கு நாட்காட்டியில் இடமில்லை. “எதுக்குக் கண்ணு இது? நலங்குதான் இருக்குதே, சீர்தான் இருக்குதே” என்ற கேள்விக்கு எந்தப் பெண்ணும் இன்றுவரை திருப்தியான விடை தந்ததாகத் தெரியவில்லை. “சும்மாதானுங்கம்மிச்சி” என்பதே கிடைத்துள்ள ஒரே விடை. சும்மா ஒரு நாள் சந்தோஷமாக இருப்பதற்குச் சடங்கு எதுவும் துணைக்கு வராததால், சத்தம் போட முடியாமல், ஓலை தேவைப்படுகிறது என்க.

கைவேலை ஏன்?

1843இல் லண்டனில் ஹென்றி கோல் என்ற பெருமகனார், நண்பர்களுக்குத் தனித்தனியாகக் கிறிஸ்துமஸ் வாழ்த்து எழுத நேரமில்லாமல், ஜான் ஹார்ஸ்லி என்ற ஓவியரைப் படம் வரையச் சொல்லி ஒரு வாழ்த்து அட்டையை அச்சிட்டார். அச்சு வாழ்த்து அட்டை என்ற தொழிலே கையெழுத்திலிருந்து தப்பிக்கப் பிறந்தது. அப்படியிருக்க, கையில் செல்போன் வைத்திருக்கும் உடுமலைப் பெண் ஏன் கத்தரிக்கோலை எடுக்கிறாள்?

முதல் காரணம், அச்சகம். உடுமலை சின்ன ஊர் இல்லைதான். ஆனால் அச்சகக்காரர் பெண்ணின் அப்பாவோடு படித்தவராக இருப்பார், இல்லையென்றால் அவர் மனைவி பெண்ணின் அத்தையோடு கோயிலுக்குப் போகிறவராக இருப்பார். பிரூஃப் தயாரானதும் பொறுப்பாக வீட்டுக்கே போன் போட்டு, “ஏனுங்க, அந்தக் கேக்குப் பத்திரிக்கையில பொண்ணு பேரு இன்னும் பெருசாப் போடட்டுங்களா?” என்று அப்பாவிடமே கேட்டுவிடுவார்.

இரண்டாம் காரணம், வாட்ஸப். அதில் அனுப்பிய அழைப்பு ஃபார்வர்டு ஆகும். தோழியின் விரல் சற்றே வழுக்கினால் குலதெய்வக் கோயில் கும்பாபிஷேகக் குழுவில் போய் விழும். அங்கே நாற்பது பேர் கைகூப்பிய படம் போட்டு வாழ்த்திவிட்டு, எந்த மண்டபம் என்று கேட்பார்கள். கையால் செய்த அட்டையை ஃபார்வர்டு செய்ய முடியாது. அது மட்டுமன்று: கை வலிக்கும். வலி தாங்காத இடத்தில் விருந்தினர் பட்டியல் முடிந்துவிடும். நாளைக்கு ஒன்றுவிட்ட அக்கா ஒருத்தி, “எனக்கு ஏன்டி சொல்லல?” என்று மடக்கினால், “சார்ட் பேப்பர் தீந்துருச்சுக்கா” என்று சொல்லித் தப்பலாம். அச்சடித்த பத்திரிகை தீர்ந்துபோனதாகச் சொன்னால் எந்த அக்காவும் நம்ப மாட்டாள். ஆயிரம் அடித்தால் நூறு மிஞ்சும் என்பது அவளுக்குத் தெரியும்.

மூன்றாம் காரணத்தைச் சொல்லுமுன் மாப்பிள்ளை வீட்டுப் பக்கம் ஒரு பார்வை. மாப்பிள்ளையின் நண்பர்கள் என்ன செய்கிறார்கள்? மண்டபத்து வாசலில் பத்தடிக்கு எட்டடி ஃபிளக்ஸ் வைக்கிறார்கள். அதில் மாப்பிள்ளை கூலிங் கிளாஸோடு நிற்பார். சிங்கம் சிக்கிவிட்டது என்றோ, ஆழ்ந்த அனுதாபங்கள் என்றோ, செய்தித்தாள் முதல் பக்கம் போலவோ, ‘காணவில்லை’ விளம்பரம் போலவோ கேலி நடக்கும். கீழே முப்பது நண்பர்களின் முகங்கள் தபால்தலை அளவில். கல்யாணத்துக்கு வருகிற பெரியவர்கள் அதன் முன்னே நின்று, கண்ணைச் சுருக்கிப் படித்து, “பசங்க பண்ற கூத்தப் பாருங்க” என்று சிரித்துவிட்டுப் பந்திக்குப் போகிறார்கள்.

மூன்றாம் காரணம், கேலி. மணப்பெண்ணைத் தோழிகள் செய்வதும் இதே கேலிதான். அவள் தூங்குமூஞ்சி, டீ போடத் தெரியாது, ஸ்கூட்டியை மூன்று முறை வாய்க்காலில் விட்டவள் என்பதெல்லாம் பொதுநலம் கருதி வெளியிடத்தக்க செய்திகளே. ஆனால் அந்தக் கேலிக்கு ஒதுக்கப்பட்ட இடம் ஆறு அங்குலத்துக்கு நான்கு அங்குலம். கணக்குப் போடுவோம். ஃபிளக்ஸ் 80 சதுர அடி. அதாவது 11,520 சதுர அங்குலம். ஓலை 24 சதுர அங்குலம். ஆண்பால் கேலி பெண்பால் கேலியைவிடப் பரப்பளவில் 480 மடங்கு பெரியது. ஒன்று முச்சந்தியில் நிற்கிறது. மற்றொன்று தலையணை உறைக்குள் கிடக்கிறது. இந்த 480ஐ விளக்க ஒரு முனைவர் பட்டம் போதாது. ஆய்வாளர் இதைப் பற்றி வீட்டில் பேச்செடுத்தபோது, “அதெல்லாம் அப்படித்தான்” என்ற கோட்பாடு ஒன்று முன்வைக்கப்பட்டது. அக்கோட்பாட்டை ஆய்வாளர் ஏற்கவில்லை.

மூலப்பொருள்

உடுமலை, மடத்துக்குளம் சுற்றுவட்டாரத்தில் காகித ஆலைகள் ஓடுகின்றன. கழிவுக் காகிதத்தை அரைத்துச் செய்யும் பழுப்புத் தாள் இங்கே அந்நியம் அல்ல. இணையத்தில் அழகான அட்டைகளைப் பார்த்துவைத்திருக்கும் பெண்களுக்கு அந்தப் பழுப்பு நிறம் மேலான ரசனை. மேலே ஒரு சணல் கயிறு கட்டினால் போதும். அதே அட்டையைத் தற்செயலாகக் கண்ட ஒரு தாயாரின் கலை விமர்சனம்: “என்ன கண்ணு இது, சிமிட்டி மூட்டையில பத்திரிக்க அடிச்சிருக்குது?”

திருப்பூரின் கொடை கட்டிங் வேஸ்ட். பனியன் கம்பெனியில் கழித்த துண்டுத் துணி கிலோக் கணக்கில் கிடைக்கும்; கிழித்து இழுத்தால் ஓரம் சுருண்டு நாடாவாகும். ஏற்றுமதிச் சட்டைக்கு மாட்டுகிற அட்டைத் துண்டும் சிலரிடம் வந்து சேர்கிறது. அதில் ‘விலை’ என்ற இடத்தில் ‘ஒரு கிஃப்ட்’ என்று எழுதிய பிரதி ஒன்று குப்பையிலிருந்து மீட்கப்பட்டுள்ளது. தென்னையிலிருந்து கொட்டாங்குச்சியை முயன்றவர்கள் உண்டு. கனம் காரணமாக அவ்வழி கைவிடப்பட்டது.

ஆனால் உடுமலையின் தனிச்சிறப்பு பட்டுக்கூடு. வெண்பட்டுக்கூடு உற்பத்தியில் இவ்வட்டாரம் பெயர் பெற்றது. மைவாடிப் பக்கம் போனால் பட்டு வளர்ப்பு இல்லாத பேச்சே இருக்காது. நல்ல கூடு ஒன்றிலிருந்து ஆயிரம் மீட்டரையும் தாண்டி ஒரே இழை வரும். ஆனால் கூடு முழுசாக இருந்தால்தான் இழை அறாமல் வரும். அந்துப்பூச்சி துளைத்துக்கொண்டு வெளியேறிய கூடு, கறை பட்ட கூடு, இரண்டு புழுக்கள் சேர்ந்து கட்டிய இரட்டைக் கூடு ஆகியவை சீரான நூல் எடுக்க ஆகா. இவற்றைக் கத்தரித்து, இதழ் இதழாக வளைத்து, சாயம் ஏற்றி, நடுவில் ஒரு மணி ஒட்டினால் மல்லிகையும் வரும், ரோஜாவும் வரும். தோட்டத்தில் பட்டு வளர்க்கும் வீட்டுத் தோழி ஒருத்தி இருந்தால் அட்டைகளின் தரமே மாறிவிடுகிறது. கழித்துப்போட்ட ஓட்டைக் கூடு, அழைப்பிதழில் பூவாகி நிற்பதைக் கண்டபோது ஆய்வாளர் சற்று நேரம் ஆய்வை மறந்தார். இத்தொழில்நுட்பத்துக்கு யாராவது பரிசு கொடுக்க வேண்டும். கூடு வெட்டும்போது உள்ளே புழு இருந்தால் வரும் அலறலை மட்டும் தவிர்க்க வழி காணவில்லை. அலறல் கேட்டால் கதவு தட்டப்படும், கதவு தட்டப்பட்டால் ஓலை வெளிப்படும்.

நிறம் பற்றி ஓர் எச்சரிக்கை. மேனாட்டு மாதிரிகளில் கறுப்பு அட்டையில் தங்க எழுத்து மிகவும் மெச்சப்படுகிறது. ‘சுதந்திரத்துக்கு இறுதி ஊர்வலம்’ என்ற தோரணையில் கேலியும் உண்டு. உடுமலையில் கறுப்பு ஓரம் போட்ட காகிதம் வீட்டுக்குள் வந்தால் அது கருமாதிப் பத்திரிகை. அதைப் படித்துவிட்டுக் கிழித்துப் போடுவதே வழக்கம். கல்யாணப் பேச்சு நடக்கும் வீட்டில் தங்க எழுத்தோடு கறுப்பு அட்டையைப் பார்க்கும் அம்மிச்சி, தங்கத்தைக் கவனிப்பதற்கு முன்பே ஒப்பாரிக்கு மூச்சு பிடித்துவிடுவார். மாப்பிள்ளையின் ஃபிளக்ஸில் அனுதாபம் தெரிவிக்கலாம்; பெண்ணின் அட்டையில் கறுப்பு பொட்டளவுகூடக் கூடாது. மேற்கண்ட 480ஐ இங்கேயும் நினைவில் கொள்க.

ஜிகினா தனி அத்தியாயத்துக்கு உரியது. இங்கே சுருங்கச் சொல்வோம். ஜிகினா ஒட்ட வேண்டிய இடத்தில் ஒட்டாது, மற்ற எல்லா இடத்திலும் ஒட்டும். ரகசியமாகச் செய்யப்படும் ஒரு பொருளுக்கு உலகத்திலேயே மிகவும் காட்டிக்கொடுக்கிற மூலப்பொருளைத் தேர்ந்தது இக்கலையின் பெரும் முரண். மறுநாள் காலையில் அப்பாவின் மீசையில் இரண்டு மினுக்கம். நாய்க்கு நெற்றியில் ஒன்று. ரசத்தில் ஒன்று. அப்பா எதுவும் கேட்கவில்லை. பால் சொசைட்டிக்குப் போய், அங்கே நாலு பேர் கேட்ட பிறகுதான் வீட்டுக்கு வந்து கேட்டார்.

வகைமை

கிடைத்த சான்றுகளைக் கொண்டு சில வகைகளைச் சுட்டலாம். வளையல் வகை: கண்ணாடி வளையலில் சிறு அட்டை கட்டித் தொங்கவிடுவது. அழகானது; உடையும். ஹால் டிக்கெட் வகை: பதிவெண், தேர்வு மையம், ‘செல்போன் அனுமதி உண்டு’ என்ற குறிப்பு. இன்ஜினியரிங் படித்தவர்களிடம் செல்வாக்குடையது. மற்றவர்களுக்கு வயிற்றைக் கலக்குவது.

பஸ் டிக்கெட் வகை கவனத்துக்குரியது. 2021 முதல் சாதாரண டவுன் பஸ்களில் பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணம். காசு வாங்காவிட்டாலும் கண்டக்டர் சீட்டு கிழித்துக் கொடுப்பார். அந்தச் சீட்டின் சாயலில் ஓலை செய்கிறார்கள்: மகளிர் மட்டும், ஏறும் இடம் பேருந்து நிலையம், இறங்கும் இடம் கல்யாணம், இடையில் நிறுத்தம், தோட்டத்துச் சாளை. ஓரத்தில் ஒரு சிறு கிழிசல். பாட்டி கையில் சிக்கினாலும் பஸ் டிக்கெட் என்று மடித்துச் சுருக்குப் பையில் வைத்துக்கொள்வார்.

இவற்றுள் தலையாயது ஜாதக வகை. பன்னிரண்டு கட்டம் கொண்ட ராசிச் சக்கரம். நடுவில் ராசி என்று எழுதும் இடத்தில் விருந்து நாளும் நேரமும். லக்னத்தில் மணப்பெண். எப்போதும் தாமதமாக வரும் தோழிக்குச் சனி என்ற இடம். அவள் எந்த வீட்டுக்கும் மெதுவாகத்தான் வந்து சேர்வாள். கல்லூரி முடிந்ததிலிருந்து ஒருத்தரோடு ஒருத்தர் பேசாத இரண்டு பேருக்கு ராகு, கேது. நேரெதிர்க் கட்டங்களில் உட்காரவைத்துவிட்டால் விருந்து முழுக்கப் பார்வை மட்டும்தான், சேர்க்கை இல்லை. களத்திர ஸ்தானமாகிய ஏழாம் வீட்டில் மாப்பிள்ளை இருக்க வேண்டும். அங்கே கேக் வரையப்பட்டிருந்தது.

மறைப்புத் திறனில் இதற்கு நிகர் இல்லை. கல்யாண வீட்டில் ஜாதகக் கட்டம் எங்கே கிடந்தாலும் யாருக்கும் சந்தேகம் வராது. கள ஆய்வில் ஓர் அம்மிச்சி கையில் இந்த ஓலை அகப்பட்டது.

“ஆருது கண்ணு இந்தச் சாதகம்?”

“பிரண்டுதுங்கம்மிச்சி.”

அம்மிச்சி மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு நெடுநேரம் பார்த்தார். “ஏழுல என்னமோ உருண்டையா இருக்குது. சோசியருகிட்டக் காட்டிப் பரிகாரம் பண்ணச் சொல்லு. நல்ல புள்ளயாட்டத்தான் இருக்குது, பாவம்.”

வாசகம்

வாசகத்தில் தோழிகள் கல்யாணப் பத்திரிகையின் ஒவ்வொரு உறுப்பையும் கையாண்டு தலைகீழாக்குகிறார்கள். குலம் என்ற இடத்தில் விடுதி அறை எண் வருகிறது. ஒரே அறையில் மூன்று வருடம் இருந்தவர்கள் பங்காளிகள். பக்கத்து அறைக்காரிகள் மாமன் மச்சான் முறை. ‘பெரியோர்கள் ஆசியுடன்’ என்பது ‘பெரியோர்கள் தூங்கிய பின்’ என்றாகிறது. ‘மொய் ஏற்கப்படும், நோட்டில் எழுதப்படாது’ என்ற வரி சட்டத் தெளிவு உடையது. மழலைகள் இருந்த இடத்தில், இன்னும் கல்யாணம் ஆகாத தோழிகள், தங்கள் வரிசை எண்ணோடு. எதுகை மோனைக்குக் குறைவில்லை. பூளவாடியில் பிறந்து தமிழ் சினிமாவுக்குப் பாட்டெழுதிய உடுமலை நாராயணகவி (1899–1981) வாழ்ந்த மண்ணல்லவா, கேக்குக்கு ஜோக்கு, லேட்டுக்கு கேட்டு என்று கூசாமல் எழுதுகிறார்கள். கவிராயர் மன்னிப்பார், அவருக்கும் நகைச்சுவைப் பாட்டு கைவந்த கலை.

இடம் என்ற வரிதான் சிக்கல். முதல் வரைவுகளில் மூணாறு, மறையூர் என்று இருந்தது அடிக்கப்பட்டிருக்கிறது. உடுமலையிலிருந்து மூணாறு போகும் சாலை ஒன்பதாறு சோதனைச் சாவடியைத் தாண்டிச் சின்னாறு வழியாகக் காட்டுக்குள் போகிறது. இரவில் வண்டி விட மாட்டார்கள், யானையும் நடமாடும். “யானை இருக்குது” என்ற ஒரு சொல்லால் பல தாய்மார்கள் பல திட்டங்களை முடித்திருக்கிறார்கள். இரண்டாம் வரைவில் திருமூர்த்தி மலை. அங்கே போனால் தெரிந்தவர் ஒருவர் கட்டாயம் எதிரே வருவார். அமராவதி அணை உல்லாசப் பயணத்துக்குப் பேர்போன இடம்தான். ஆனால் முதலைப் பண்ணையைப் பின்புலமாக வைத்து மணப்பெண்ணைப் படம் எடுத்தால் மாப்பிள்ளை வீட்டார் ஏதாவது பொருள் எடுத்துக்கொள்ளக்கூடும். இறுதி வரைவில் ‘மொட்டை மாடி’. கிட்டத்தட்ட எல்லா ஓலைகளிலும் இறுதி வரைவு இதுவே.

தூது

தூதருக்கு இந்த மண் அவ்வளவு பாதுகாப்பானது அன்று. பக்கத்திலுள்ள தளிப் பாளையத்துக்குத் தூதனாக வந்த ஆண்ட்ரூ கெதி என்ற வெள்ளைக்காரனைப் பாளையக்காரர் எத்தலப்பர் 1801இல் தூக்கில் போட்டார் என்பது உடுமலைக்காரர்கள் பெருமையோடு சொல்லும் வரலாறு. அதை நன்கு அறிந்த தம்பிமார், அக்காவின் ஓலையை எடுத்துப்போக ஆரம்ப விலையாகவே இரண்டு பரோட்டாவும் ஒரு சிக்கன் சில்லியும் கேட்கிறார்கள். வழியில் பெரியம்மா மடக்கி, மூன்றாவது பரோட்டா வாங்கித் தருவதாகச் சொன்னால் தூது அங்கேயே திசை மாறும்.

இதற்குத் தீர்வு கண்டவர்கள் ஆரி ஒர்க் கடைக்காரிகள். கல்யாணப் பெண்ணும் தோழிகளும் எப்படியும் ஜாக்கெட்டுக்காக அந்தக் கடைக்கு மாறி மாறிப் போய்க்கொண்டிருப்பார்கள். ஜாக்கெட் கவருக்குள் ஓலையை வைத்துக் கொடுத்தால் அது உரியவளிடம் போய்ச் சேரும். எந்த ஆணும் அந்தக் கவரைப் பிரிக்க மாட்டான். எந்தப் பெரியம்மா பிரித்தாலும் ஜாக்கெட்டைத்தான் பார்ப்பார், கை வேலைக்கு எவ்வளவு வாங்கினார்கள் என்று கேட்பதிலேயே நேரம் போய்விடும். தபால் துறை இந்த ஏற்பாட்டைப் படித்துப் பார்க்கலாம்.

முடிபு

இவ்வளவு ஏற்பாட்டுக்கும் பயன் என்ன என்று பார்த்தால், விருந்தன்று மாலை மொட்டை மாடிக்கு அண்டாவில் அரிசிம்பருப்புச் சாதம் போகிறது. அம்மா அனுப்பியது. கூடவே பன்னிரண்டு தட்டு, சரியாகப் பன்னிரண்டு. எத்தனை பேர் என்று அவரிடம் யாரும் சொல்லவில்லை. ஓலை வெட்டத் தொடங்கிய முதல் இரவிலேயே, கதவிடுக்கு வெளிச்சத்தைப் பார்த்து, அவர் எண்ணிக்கையை முடிவு செய்துவிட்டார். பெரியம்மா வந்து கேட்டபோது, “பசங்க காலேசுக்கு ஏதோ எழுதறாங்களாமாங்க்கா” என்று சொல்லி அனுப்பியவரும் அவரே. ஆகவே ஓலையின் மறைப்பு அம்மாவிடம் பலிக்கவில்லை. அம்மாவின் துணையோடு மற்றவர்களிடம் பலித்தது என்பதே இவ்வாய்வின் முடிபு. ஃபிளக்ஸ் வைக்கிற இளைஞர்களுக்கு இத்தகைய கூட்டாளி தேவைப்படுவதில்லை. அதனாலோ என்னவோ, அவர்கள் ஃபிளக்ஸில் அவ்வளவு எழுத்துப்பிழை.

உடுமலை, மடத்துக்குளம், பொள்ளாச்சி வட்டாரங்களில் இவ்வகை ஓலைகளை வைத்திருக்கும் சகோதரிகளுக்கு ஒரு விண்ணப்பம். கல்யாணம் முடிந்ததும் பழைய பேப்பர்க்காரரிடம் எடைக்குப் போட்டுவிடாதீர்கள். கல்யாணப் பத்திரிகையை மாமியார் பீரோவில் பத்திரப்படுத்துவார். இதைப் பத்திரப்படுத்த உங்களைத் தவிர ஆளில்லை. ஆய்வாளருக்குத் தர வேண்டாம், தூரத்தில் இருந்து காட்டினால் போதும். பெயர் இருக்கிற இடத்தை விரலால் மறைத்துக்கொள்ளுங்கள். பெரியம்மாவிடம் சொல்ல மாட்டேன்.